பழைய சித்தப்பா, புதிய ஆண்டு

2015 ஜூனில் வந்த ‘சர்தார்ஜி’ என்ற பஞ்சாபிப் படத்தில் நாயகன் தில்ஜித் தோசாஞ்சுக்குப் பேய் ஓட்டுகிற தொழில். ஜக்கி என்ற அந்தப் பாத்திரம் பேய்களைப் பிடித்துப் புட்டியில் அடைத்துவிடுவான். இங்கிலாந்தில் ஒரு மாளிகையில் கல்யாணம் நடத்தவிடாமல் பஞ்சாபிப் பெண் பேய் ஒன்று தொல்லை கொடுக்கிறது. அதை ஓட்டப் போனவன் அதன்மீதே மையல் கொண்டுவிடுகிறான். பேயாக வந்தவர் நீரு பாஜ்வா. தர்க்கம் பார்த்து ரசிக்கிற படமில்லை. ஆனாலும் கூட்டம் அள்ளியது. ஓராண்டு கழித்து, 2016 ஜூனில், ‘சர்தார்ஜி 2’ வந்தது. இயக்குநர் அதே ரோஹித் ஜுக்ராஜ். தில்ஜித்துக்கு இம்முறை மூன்று வேடங்கள். கதை ஆஸ்திரேலியாவுக்குப் போயிற்று. ஜக்கி இயற்கை விவசாயி ஆகிவிட்டான். பேயைத்தான் காணோம்.

பேய்ப் படத்தின் இரண்டாம் பாகத்தில் பேயை எதிர்பார்ப்பது ரசிகனின் குற்றமா? தலைப்பையும் தில்ஜித்தையும் நம்பி முதல் நாட்களில் கூட்டம் வந்தது. முதல் படத்தின்மேல் விழுந்த அந்தப் பாசம் இரண்டாவதன்மேல் விழவில்லை. தயாரிப்பாளர்களுக்கும் இது உறைத்திருக்க வேண்டும். 2025இல் வந்த மூன்றாம் பாகத்தில் பேய் ஓட்டும் தொழில் திரும்பிவிட்டது. (பாகிஸ்தான் நடிகை ஹானியா ஆமிர் நடித்ததால் எழுந்த எதிர்ப்பில் அந்தப் படம் இந்தியாவில் வெளியாகாமல் வெளிநாடுகளில் மட்டும் ஓடியது. அது வேறு கதை.)

பஞ்சாபி நகைச்சுவைப் படங்களின் இரண்டாம் பாகங்கள் ஏமாற்றும்போது வழக்கமாக இரண்டு காரணங்கள் சொல்லப்படும். ஒன்று, தயாரிப்பாளரின் பேராசை. இன்னொன்று, ரசிகர்களின் அலுப்பு: அதே முகம், அதே வசனம், அதே குழப்பம். முதலாவது எந்த ஊர் சினிமாவுக்கும் பொருந்தும் என்பதால் அதைவைத்து எதையும் விளக்க முடியாது. இரண்டாவதை நான் அப்படியே ஏற்கத் தயங்குகிறேன். திரும்பத் திரும்ப ஒரே ஆளைக் கேட்டுச் சிரிப்பதில் பஞ்சாபிகளுக்கு இணையானவர்கள் குறைவு. அதற்குச் சாட்சி திரையரங்கில் இல்லை, கேசட் கடையில் இருக்கிறது.

1988இல் ‘சணகாட்டா 88’ என்றொரு ஒலிநாடா வந்தது. பேசியவர்கள் ஜஸ்விந்தர் பல்லாவும் பால் முகுந்த் சர்மாவும். பல்லா லூதியானாவில் உள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தவர். பின்னாளில் அங்கே விரிவாக்கக் கல்வித் துறையின் தலைவர். புதிய விதையையும் உரத்தையும் பூச்சி மருந்தையும் பற்றி ஆய்வுக்கூடத்தில் தெரிந்துகொண்டதை உழவனின் பேச்சிலேயே அவனிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அந்தத் துறையின் வேலை. அந்த வேலையிலிருந்த மனிதர், ஓய்வு நேரத்தில் சத்தர் சிங் என்ற கிராமத்துச் சித்தப்பாவாகப் பேசினார். பஞ்சாபியில் ‘சாச்சா’. பக்கத்தில் ஒரு அண்ணன் மகன். அவன் கேட்பான், இவர் சொல்வார். நடுவில் இருவரும் ஊரையே வம்புக்கு இழுப்பார்கள்.

இந்தச் சித்தப்பா இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து வந்தார். குரல் மாறவில்லை, குணமும் மாறவில்லை. டிராக்டர் கேபினிலும் தாபாவிலும் லாரியிலும் கேசட் தேயத் தேய ஓடியது. யாரும் ‘மறுபடியும் அதே கிழவனா’ என்று சலித்துக்கொள்ளவில்லை. ஏனென்றால் மாறாமல் இருந்தது ஆள் மட்டுமே. அவர் வாயில் விழுந்த விஷயங்கள் அந்தந்த ஆண்டுக்கு உரியவை: தேர்தலில் தோற்றவன், வென்றபின் ஊர்ப்பக்கம் வராதவன், லஞ்சம் வாங்கும் போலீஸ், வெளிநாட்டு மாப்பிள்ளை மோகம், ஏஜெண்டிடம் நிலத்தை அடகுவைத்தவன். தலைப்பிலேயே ஆண்டைப் போட்டுத் தொடங்கிய தொடர் அது. பழைய மனிதரிடம் இந்த ஆண்டு என்ன கதை என்று கேட்கத்தான் ஜனங்கள் காசு கொடுத்தார்கள்.

இந்த வழக்கத்துக்கு இன்னும் பழைய வேர் உண்டு. பஞ்சாபில் கல்யாண வீடுகளுக்கு அழைக்காமலே வந்து சேரும் பாண்டுகள் எனும் பகடிக் கலைஞர்கள் ஜோடியாக வருவார்கள். ஒருவன் அசடுபோல் ஏதாவது சொல்ல, மற்றவன் கையிலுள்ள தோல்பட்டையால் அவன்மேல் பட்டென்று ஓர் அடி போடுவான். அடி விழுந்ததும் சபை சிரிக்கும். ஆட்டத்தின் கட்டுமானம் நூற்றாண்டுகளாக ஒன்றேதான். ஆனால் பாண்டு எந்த வீட்டுக்கு வந்திருக்கிறானோ அந்த வீட்டைப் பற்றித்தான் பேசுவான். கஞ்சத்தனமான மாமன், மீசை முறுக்கும் பண்ணையார், சீர் குறைந்ததென்று முகம் தூக்கிய சம்பந்தி எல்லாரும் அங்கேயே எதிரில் உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்து வீட்டில் சொன்னதை இந்த வீட்டில் அப்படியே சொன்னால் சில்லறைகூடத் தேறாது. எல்லைக்கு அப்பால் லாகூர், ஃபைசலாபாத் நாடக மேடைகளில் ‘ஜுகத்’ என்ற பெயரில் வளர்ந்த வாய்ச்சண்டைக் கலையும் இதன் பங்காளிதான். எதிராளியின் உருவம், உடை, ஊர் எது கண்ணில் பட்டாலும் அந்த நொடியிலேயே அதை வைத்துக் குத்துவது அதன் இலக்கணம்.

ஆக, இந்த மரபில் திரும்ப வருவது ஒரு குறையே அல்ல. வந்தவன் கையில் புதிதாக ஒன்றுமில்லாமல் நின்றால்தான் குறை. பஞ்சாபி சினிமாவின் இரண்டாம் பாகங்களை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் சில புதிர்கள் விடுபடுகின்றன.

‘கேரி ஆன் ஜட்டா’ 2012 ஜூலையில் வந்தது. ஸ்மீப் கங்க் இயக்கம், கிப்பி கிரேவால் நாயகன். கதைச்சாயல் 1989இல் வந்த ‘சக்கிக்கொத்த சங்கரன்’ என்ற மலையாளப் படத்திலிருந்து வந்தது என்பது பரவலான பேச்சு. பின்னர் ‘ஈடோ ரகம் ஆடோ ரகம்’ என்று தெலுங்குக்கும் போனது. முடிச்சு எளிமையானது. குடும்பமே இல்லாத அனாதைப் பையனைத்தான் கட்டுவேன் என்கிறாள் பெண். அவளை விரும்பும் ஜஸ், ‘நான் அனாதைதான்’ என்று சொல்லிவிடுகிறான். அவனுக்கோ தகப்பன் இருக்கிறார், அண்ணன் இருக்கிறார், அண்ணியும் இருக்கிறார். கல்யாணம் முடிந்தபின் அவள் வாடகைக்குக் குடிவரும் வீடு அவனுடைய சொந்த வீடாகவே அமைந்துவிட, ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் சொல்ல வேண்டிவருகிறது.

தகப்பன் வேடத்தில் வந்தவர் அதே ஜஸ்விந்தர் பல்லா. வக்கீல் தில்லான். கறுப்புக் கோட்டை ஏதோ சும்மா மாட்டிக்கொண்டு திரியவில்லை என்று பொருள்பட அவர் அடிக்கடி சொல்லும் ஒரு வசனம் உண்டு. பஞ்சாபில் இன்றும் சின்னப் பிள்ளைகள்கூட அதைச் சொல்லிக்காட்டுவார்கள். அந்த வசனம் ஏன் வேலை செய்தது என்று கவனிக்க வேண்டும். உலகத்துக்கே சட்டம் சொல்லும் வக்கீலின் மூக்குக்குக் கீழே அவர் மகன் தன்னைத் தகப்பனில்லாதவன் என்று சொல்லி ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். கோட்டைப் பற்றிய ஜம்பம் ஒவ்வொரு முறை வரும்போதும், இந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது என்பது நமக்கு நினைவு வருகிறது. வசனம் நகைச்சுவையாக இருப்பது வார்த்தையால் அல்ல, அது வந்து விழும் இடத்தால்.

2018இல் ‘கேரி ஆன் ஜட்டா 2’ வந்தபோது ஜஸ் மறுபடி கல்யாணமாகாத பையன். முதல் பாகத்தில் நடந்தது எதுவும் நடக்காததுபோல் கதை தொடங்குகிறது. நாயகி மாஹி கில்லுக்குப் பதில் சோனம் பாஜ்வா. இம்முறை ஜஸ்ஸுக்குக் கனடா போகும் ஆசை; அதற்காக மறுபடி அதே அனாதைப் பொய். வக்கீல் தில்லான் மறுபடி கறுப்புக் கோட்டோடு வருகிறார், மறுபடி அந்த வசனம். திரையரங்கில் இப்போது வசனம் தொடங்கும் முன்பே கைத்தட்டல் விழுந்துவிடுகிறது. இதை வெற்றியென்று எடுத்துக்கொள்வோர் உண்டு. என் கணிப்பில் நோயின் முதல் அறிகுறி இதுதான். சபை இப்போது சிரிப்பது எதிரே நடக்கும் காட்சிக்காக அல்ல, ஆறு வருடங்களுக்கு முன் சிரித்த சிரிப்பின் நினைவுக்காக. பழைய நண்பனைக் கண்டதும் வரும் மலர்ச்சி போன்றது அது. முதல் பத்து நிமிடத்துக்குத் தாங்கும். பிறகு, ‘சொல், என்ன விசேஷம்?’ என்று கேட்கத் தோன்றும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். இரண்டாம் பாகம் அந்நாள்வரை வந்த பஞ்சாபிப் படங்களில் மிகப் பெரிய வெற்றிகளுள் ஒன்று. 2023இல் வந்த மூன்றாம் பாகமோ உலக வசூலில் 100 கோடி ரூபாயைத் தாண்டிய முதல் இந்தியப் பஞ்சாபிப் படம் என்று கொண்டாடப்பட்டது. பிறகெங்கே ஏமாற்றம்?

வசூலைப் படிப்பதில் ஒரு தந்திரம் இருக்கிறது. இரண்டாம் பாகத்தின் முதல் வார இறுதிக்கு நுழைவுச்சீட்டு எடுப்பவன் இரண்டாம் பாகத்தைப் பார்த்துவிட்டு எடுப்பதில்லை. முதல் பாகத்துக்குப் பாக்கி வைத்திருந்த நன்றியைத்தான் அவன் செலுத்துகிறான். தொடக்க வசூல் எப்போதும் முந்தைய படத்துக்கான மதிப்பெண். 2012க்கும் 2023க்கும் இடையில் சீட்டு விலை ஏறியது. பிராம்ப்டன், சர்ரே, சவுத்தால், மெல்பர்ன் என்று வெளிநாட்டுத் திரைகள் பெருகின. ஒரே நாளில் உலகமெங்கும் வெளியிடும் வசதியும் வந்தது. படம் பிடித்ததா இல்லையா என்பது இந்த எண்களுக்குள் அடங்குவதில்லை. அது தெரிவது வேறிடத்தில்: எந்தப் படத்தின் வசனம் கல்யாண வீட்டில் திரும்பச் சொல்லப்படுகிறது என்பதில். மூன்று பாகங்கள் வந்தும் மக்கள் வாயில் நிற்பவை பெரும்பாலும் முதல் பாகத்துச் சரக்குதான்.

இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். முதல் பாகத்துக்கும் இரண்டாம் பாகத்துக்கும் இடையே ஆறு ஆண்டு இடைவெளி என்பது காகிதத்தில்தான். முதல் பாகம் வந்து ஓராண்டு முடியுமுன் ‘லக்கி தி அன்லக்கி ஸ்டோரி’ வந்தது. அதே 2013இல் ‘பாஜி இன் ப்ராப்ளம்’. இரண்டும் அதே ஸ்மீப் கங்க், அதே கிப்பி கிரேவால். கூடவே குர்ப்ரீத் குக்கி வந்தார். மனைவிக்குத் தெரியாமல் எதையோ மறைத்து ஓடும் ஆண்களும் வந்தார்கள். பஞ்சாபி நகைச்சுவைத் துறையில் நம்பகமான முகங்கள் ஒரு கை விரல்களுக்குச் சற்று மேலே: பல்லா, குக்கி, பின்னு தில்லான், பி.என். சர்மா, கரம்ஜித் அன்மோல், ராணா ரன்பீர், உபாசனா சிங். எந்தப் படத்தை எடுத்தாலும் இவர்களில் நாலு பேராவது இருப்பார்கள். ஆகையால் ரசிகனுக்கு எண் போடாத இரண்டாம் பாகங்கள் வருடம் முழுக்கக் கிடைத்துக்கொண்டே இருந்தன. அதிகாரபூர்வமான இரண்டாம் பாகம் வந்து சேரும்போது அவன் மனக்கணக்கில் அது ஆறாவதோ ஏழாவதோ.

நாயகர்கள் விஷயமும் இதோடு பின்னியது. கிப்பி, தில்ஜித், அம்மி விர்க், அம்ரிந்தர் கில் எல்லாரும் பாடகர்களாக வளர்ந்து திரைக்கு வந்தவர்கள். அவர்களுக்கு இசைச் சந்தையில் நிரந்தரமான ரசிகர் படை உண்டு. கிப்பி ‘ஹம்பிள் மோஷன் பிக்சர்ஸ்’ என்ற சொந்த நிறுவனத்தில் படம் எடுக்கிறார். நடிகரே தயாரிப்பாளர், அவரே பாட்டுக்காரர் என்றானபின், நிச்சயமாக விற்கும் தலைப்பை விட்டு நிச்சயமில்லாத கதையை எடு என்று அவரிடம் சொல்லும் ஆள் யார்? எழுத்தாளர் சொல்லலாம். நரேஷ் கதூரியா, தீரஜ் ரத்தன், ஜக்தீப் சித்து, அம்பர்தீப் சிங் என்று திறமையான எழுத்தாளர்கள் அங்கே இல்லாமல் இல்லை. ஆனால் சுவரொட்டியில் ‘2’ என்ற எண் அச்சானபின்தான் பெரும்பாலும் கதை பிறக்கிறது என்று படங்களைப் பார்த்தாலே தோன்றுகிறது.

கிப்பியின் இன்னொரு தொடரை அருகில் போய்ப் பார்க்கலாம். 2017 பைசாகித் திருநாளுக்கு வந்த ‘மஞ்சே பிஸ்தரே’, பல்ஜித் சிங் தேவ் இயக்கியது. மஞ்சா என்றால் கயிற்றுக் கட்டில், பிஸ்தரா என்றால் படுக்கை. பஞ்சாபின் நெடுஞ்சாலைகளை ஒட்டி ‘மேரேஜ் பேலஸ்’ எனும் பெருங்கூடங்கள் முளைக்கும் முன்பு, கல்யாணம் வீட்டிலேயே நடக்கும், விருந்தாளிகள் பல நாள் தங்குவார்கள். அத்தனை பேருக்கும் கட்டிலும் படுக்கையும் ஒரே வீட்டில் எப்படி இருக்கும்? வீட்டு இளவட்டங்கள் வண்டியோடு தெருத்தெருவாகப் போய் வாசலில் நின்று கேட்டு வாங்கி வருவார்கள். எந்தக் கட்டில் யாருடையது என்று குழம்பாமலிருக்க அதில் பெயர் எழுதிவைப்பார்கள். திருப்பித் தரும்போது ஒன்று உடைந்திருக்கும், ஒன்று மாறிப்போயிருக்கும். அதை வைத்தே நாலு மாதத்துக்குச் சண்டை போடலாம். ஹல்வாயி எனும் இனிப்புச் சமையல்காரன் சில நாட்கள் முன்பே வந்து முற்றத்தில் அடுப்பு மூட்டி லட்டு பிடிக்க உட்கார்ந்துவிடுவான்.

முதல் படத்தின் கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. தாய்மாமன் ஊர்க் கல்யாணத்துக்கு வரும் பையன், அங்கே ஒரு பெண். சிரிப்பெல்லாம் கட்டில் கேட்டுப் போகும் வாசல்களில் இருந்தது. கொடுக்க மனமில்லாதவளின் சாக்கு, கொடுத்துவிட்டுப் பின்னாலேயே வந்து நிற்கும் கிழவியின் கவலை, ஹல்வாயியின் அதட்டல் என்று அந்த ஊரே நகைச்சுவை நடிகர். நகரத்துப் பஞ்சாபியும் வெளிநாட்டுப் பஞ்சாபியும் தாங்கள் இழந்த ஒன்றைப் பார்த்துச் சிரித்தார்கள்.

2019 ஏப்ரலில் வந்த இரண்டாம் பாகம் கல்யாணத்தைக் கனடாவுக்குத் தூக்கிக்கொண்டு போனது. வெளிநாட்டுச் சந்தைக்கு வெளிநாட்டுக் களம் என்ற கணக்கு புரிகிறது. ஆனால் கனடாவில் கட்டில் கேட்டு நிற்க எந்த வாசல் இருக்கிறது? தலைப்பே ஒரு வழக்கத்தின் பெயர். அந்த வழக்கம் உயிரோடிருக்க முடியாத இடத்துக்குப் படம் போய்விட்டது. கிராமத்துக் கல்யாணத்தை அங்கே செயற்கையாக உண்டாக்கிக் காட்டினார்கள். ஊர் இருந்த இடத்தில் அலங்கார அரங்கு வந்தது. ஹல்வாயியாக வந்த கரம்ஜித் அன்மோல் அங்கேயும் உழைத்தார், பாவம். அவரை அதட்டவைக்கும் முற்றம் இல்லை. ‘சர்தார்ஜி 2’ பேயைத் தொலைத்ததுபோல் இது ஊரைத் தொலைத்தது. கனடாவில் வளர்ந்த பிள்ளையும்கூட, தான் தினமும் பார்க்கும் புறநகரைத் திரையில் பார்க்கவா ‘மஞ்சே பிஸ்தரே’வுக்குச் சீட்டு எடுத்திருப்பான்?

களம் வெளிநாடானதே குற்றம் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. அம்ரிந்தர் கில் நடித்து 2019 ஜூலையில் வந்த ‘சல் மேரா புத்’ முழுக்க இங்கிலாந்தின் பர்மிங்காமில் நடக்கிறது. முறையான ஆவணமில்லாமல் அங்கே பிழைக்கும் இந்தியப் பஞ்சாபிகளும் பாகிஸ்தான் பஞ்சாபிகளும் ஒரே கூரைக்குக் கீழே. இஃப்திகார் தாக்கூர், நாசிர் சின்யோட்டி, அக்ரம் உதாஸ் என லாகூர் மேடைகளில் பழுத்தவர்கள் அந்த அறைக்குள் ஜுகத் ஆடுகிறார்கள். பசியும் போலீஸ் பயமும் வாடகை பாக்கியும் நிஜம். அதனால் குத்துப்பேச்சும் நிஜம். அடுத்த பாகம் 2020 மார்ச் 13 அன்று வந்தது. சில நாட்களில் கொரோனா திரையரங்குகளைப் பூட்டியது, 2021இல் மறுபடி திரையிட்டார்கள். அதே ஆட்கள், அதே நகரம், அதே வாய்ச்சண்டை. இருந்தும் ‘எதற்காக இந்த இரண்டாம் பாகம்’ என்ற கேள்வி எழவில்லை. குடியுரிமைக் காகிதம் என்ற பிரச்சினை ஒரு படத்தில் தீர்கிற பிரச்சினை அல்லவே. கதைக்கே பாக்கி இருந்தது.

‘ஜட் & ஜூலியட் 2’ வேறொரு வழியில் தப்பித்தது. அனுராக் சிங் இயக்கிய 2012 படத்தில் தில்ஜித், கனடா போகத் துடிக்கும் கிராமத்துப் பையன். மறு ஆண்டே வந்த இரண்டாம் பாகத்தில் அவர் பஞ்சாப் போலீஸ் கான்ஸ்டபிள்; எதிரே நீரு பாஜ்வா கனடா போலீஸ் அதிகாரி. பழைய கதையைத் தொடராமல், இந்த இருவரும் சேர்ந்தால் தீப்பொறி பறக்கும் என்ற ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, தொப்பையும் மாமூலுமாக வளர்ந்த ஒரு காவல் துறையைச் சட்டத்தின்படி நடக்கும் காவல் துறையோடு மோதவிட்டார்கள். ஜோடி பழசு, வம்பு புதுசு. சித்தப்பா சத்தர் சிங்கின் வழிமுறை இதுதான். அவர்கள் தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ. பதினொரு ஆண்டு கழித்து, 2024 ஜூனில் வந்த மூன்றாம் பாகமும் பெரும் வசூல் கண்டது. ஆனால் அதற்குள் தில்ஜித் கோச்செல்லா இசைவிழா மேடை ஏறி உலகப் பாடகர் ஆகியிருந்தார். அந்த வசூலில் எவ்வளவு படத்துக்கு, எவ்வளவு அவருக்கு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

2025 ஆகஸ்ட் 22 அன்று ஜஸ்விந்தர் பல்லா 65 வயதில் காலமானார். வக்கீல் தில்லானின் கோட்டை இனி வேறு யாருக்காவது மாட்டிப் பார்ப்பார்கள். அந்த வேலையில் அவ்வளவு அவசரம் காட்ட வேண்டியதில்லை. அவர் விட்டுப்போன இடம் கேசட்டில் இருக்கிறது. பஞ்சாபில் இன்று கதைக்குப் பஞ்சமா? ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிய பெண்ணின் படிப்புச் செலவையும் விமானச் செலவையும் மாப்பிள்ளை வீடு ஏற்றுக்கொண்டு, அவள் பின்னாலேயே பையனும் கனடா போய்ச் சேரும் கல்யாணங்கள் நடக்கின்றன. வரதட்சணை தலைகீழான அந்தப் பேரத்தைவிட நல்ல நகைச்சுவை முடிச்சு எங்கே கிடைக்கும்? 2024இல் கனடா வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு விதித்ததும் அந்தப் பேரங்களெல்லாம் என்னவாகியிருக்கும்? 2025 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க ராணுவ விமானம் 104 இந்தியர்களை அமிர்தசரஸில் இறக்கிவிட்டது. அவர்களில் சிலர் ஏஜெண்டுக்கு நிலம் விற்றுப் போனவர்கள். விற்ற நிலத்தை வாங்கியவன் அதே ஊரில்தான் இருக்கிறான். திரும்பி வந்தவன் தினமும் அதன் வரப்பு வழியாகத்தான் போக வேண்டும். இது ஒன்று போதும், ‘சணகாட்டா’வில் அந்த ஆண்டுக் கேசட்டின் முதல் பக்கம் முழுக்கச் சித்தப்பா பேசியிருப்பார்.